பேரனின் கிராபிக்ஸ் கார்டு

மாடி அறையிலிருந்து ஒரு வாசனை வந்தது. ரப்பர் கருகுவது மாதிரி, ஆனால் ரப்பர் இல்லை. என் மனைவி அடுப்பை எட்டிப் பார்த்தாள். நான் மாடிப்படி ஏறினேன். மின்வாரியத்தில் 34 வருடம் இருந்தவனுக்கு அந்த வாசனை அத்துப்படி. தெருமுனை பில்லர் பாக்ஸைத் திறக்கும்போது உள்ளே ஒரு ஃபியூஸ் கேரியர் லூஸாகிச் சூடேறிக்கொண்டிருந்தால் இதேதான் முகத்தில் அடிக்கும்.

பேரன் அணைந்துபோன கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, கரண்ட் போச்சா?"

"இல்ல தாத்தா. சிஸ்டம் தானா ஆஃப் ஆயிடுச்சு."

"ஏதோ வாசனை வருதே?"

"எனக்கு ஒண்ணும் வரலியே."

பதினெட்டு வயதில் நானும் என் அப்பாவிடம் இதே முகத்தோடு பொய் சொல்லியிருக்கிறேன். சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் கொண்டுவரச் சொன்னேன். பக்கத் தகட்டைக் கழற்றினால், உள்ளே இரண்டு விசிறிகளோடு செங்கல் மாதிரி ஒன்று புதிதாக உட்கார்ந்திருந்தது. அதற்கு மின்சாரம் தர, இரண்டு நான்கு பின் ஒயர்களைச் சேர்த்து எட்டு பின்னாக மாற்றும் ஒரு சின்ன அடாப்டர். அதன் வெள்ளை பிளாஸ்டிக் ஒரு மூலையில் பழுப்பாகி இளகியிருந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"அப்பாகிட்ட சொல்லாதீங்க தாத்தா" என்றான். அதற்குப் பிறகுதான் முழுக் கதையும் வந்தது.

இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். கிராபிக்ஸ் கார்டு என்றால் என்ன என்று எனக்குப் புரிந்த அளவில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு மானிட்டரில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். பெருக்கினால் 20 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். விளையாட்டில் குதிரை ஓடுவது தடங்கல் இல்லாமல் தெரிய வேண்டும் என்றால் அந்த 20 லட்சம் புள்ளிகளுக்கும் வினாடிக்கு 60 தடவை புதிதாக நிறம் கணக்கிட வேண்டும். வினாடிக்கு 12 கோடி. கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் கெட்டிக்காரன்தான், ஆனால் அவன் நான்கு சூப்பிரண்டுகள் உள்ள ஆபீஸ் மாதிரி. சிக்கலான ஃபைலைப் பார்ப்பார்கள், 12 கோடி வரவுசெலவை உட்கார்ந்து கூட்ட மாட்டார்கள். கிராபிக்ஸ் கார்டு என்பது இரண்டாயிரம் கணக்குப்பிள்ளைகளை ஒரே கூடத்தில் உட்கார வைத்தது போல. ஒவ்வொருவனும் சின்னக் கூட்டல் மட்டுமே போடுவான், எல்லோரும் ஒரே நேரத்தில் போடுவார்கள்.

பேரனுடைய கம்ப்யூட்டர் 2021-ல், கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்காக வாங்கியது. கோர் ஐ3-10100எஃப் பிராசஸர், 8 ஜி.பி. மெமரி. கடைசியில் வரும் அந்த 'எஃப்' என்ற எழுத்துக்கு அர்த்தம், திரையில் படம் காட்டும் வசதி அந்த பிராசஸருக்குள் இல்லை, தனிக் கார்டு போட்டே ஆக வேண்டும் என்பது. அந்த வருடம் சிப் தட்டுப்பாடு ஒரு பக்கம், டிஜிட்டல் காசு தோண்டுகிறவர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனது இன்னொரு பக்கம். சாதாரணக் கார்டுகூட இரண்டு பங்கு விலை. கடைக்காரர் ஜி.டி. 710 என்ற ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். வகுப்புக்கும் யூடியூபுக்கும் போதும். விளையாட்டுக்கு அது மாட்டு வண்டி.

பள்ளிக்கூடம் முடிந்து அவனுடைய சிநேகிதர்கள் ஆளுக்கொரு ஊருக்குப் படிக்கப் போய்விட்டார்கள். கோயம்புத்தூரில் ஒருவன், திருச்சியில் ஒருவன், ஒருவன் பெங்களூரு. ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லோரும் ஒரு விளையாட்டில் சந்தித்துக்கொள்வார்களாம். இவனுடைய கம்ப்யூட்டரில் அது ஓடாது. "அவங்க பேசறதை மட்டும் ஹெட்போன்ல கேட்டுட்டு இருப்பேன் தாத்தா" என்றான். எனக்கு அந்த இடத்தில் கோபம் போய்விட்டது.

இரண்டு பொங்கல், இரண்டு தீபாவளிக் காசு சேர்த்து, 6,500 ரூபாய்க்கு முன்பின் தெரியாத ஒருவரிடம் பழைய ஆர்.எக்ஸ். 580 கார்டு ஒன்றை வாங்கியிருக்கிறான். ஒரு பஸ் ஸ்டாண்டு வாசலில் கை மாறியதாம். பில் இல்லை, வாரண்டி இல்லை. மாட்டிய நாள் முதல், விளையாட்டு சூடு பிடிக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் அணைந்து அணைந்து எழுந்திருக்கிறது. காசு போனது தெரிந்தால் அப்பா திட்டுவார் என்று மூன்று வாரமாக வாயைத் திறக்கவில்லை.

அடாப்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, பவர் சப்ளை பெட்டியின் நேம் பிளேட்டைப் பார்த்தேன். இது ஒரு தொழில் வியாதி. எந்த யந்திரத்தைக் கண்டாலும் முதலில் கண் அங்கேதான் போகும். மேலே கொட்டை எழுத்தில் 450 வாட் என்று போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 12 வோல்ட் லைனில் 16 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192. அவ்வளவுதான் விஷயம். கம்ப்யூட்டரில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது அந்த 12 வோல்ட் லைனிலிருந்து. மற்ற வோல்டேஜ்களையெல்லாம் கூட்டி, பெரிய நம்பராக்கி அட்டையில் அடித்துவிடுகிறார்கள்.

பேரனை உட்கார வைத்து ஒரு நோட்டில் லோடு கணக்கு போட்டோம். பிராசஸர் 65 வாட். அந்தக் கார்டு 150-க்கு மேல் கேட்கிற ஜாதி. போர்டு, டிஸ்க், விசிறிகளுக்கு ஒரு 40. மொத்தம் 255. இருப்பது 192. அதோடு கார்டு ஒரே சீராக இழுக்காது; திரையில் வெடிகுண்டு வெடித்தால் ஒரு கணம் இரட்டிப்பாக இழுக்கும், கிணற்று மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது இழுப்பது மாதிரி. 63 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரில் நூறு கே.வி.ஏ. லோடு ஏற்றிவிட்டு ஏன் ஃபியூஸ் போகிறது என்று கேட்ட ஊர்களை எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் அணைந்ததுதான் நியாயம். அணையாமல் இருந்திருந்தால்தான் பயம்.

இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. ஜி.பி.யூ-இசட் என்று ஓர் இலவசச் சாஃப்ட்வேர் இருக்கிறது. கார்டின் ஜாதகத்தைக் காட்டும். ஒரு முழு ஆர்.எக்ஸ். 580-ல் கணக்குப்பிள்ளைகள் 2,304 பேர் இருக்க வேண்டும். இவனுடைய கார்டில் 2,048 என்று காட்டியதாம். வாங்கிய அன்றே பார்த்திருக்கிறான், அர்த்தம் புரியவில்லை. 2018-ல் சீனச் சந்தைக்காக அதே பெயரில், குறைந்த எண்ணிக்கையோடு ஒரு வகை வந்திருக்கிறது. அது உண்மையில் 570-க்குச் சமம். 2022 செப்டம்பரில் ஈத்தீரியம் என்ற டிஜிட்டல் காசு தன் முறையை மாற்றிக்கொண்டது. அதற்குப் பிறகு கார்டு வைத்து அதைத் தோண்ட முடியாது. இரவு பகலாக ஓடிய கார்டுகளைத் துடைத்து, பழைய சாமான் சந்தையில் கொட்டிவிட்டார்கள். அந்த வெள்ளத்தில் வந்த மீன்களில் ஒன்று எங்கள் வீட்டு மாடிக்கும் வந்திருக்கலாம்.

"நெருப்பு சம்பந்தப்பட்ட விஷயம்டா. சொல்லாம இருக்க முடியாது. நான் சொல்றேன், நீ பக்கத்துல இரு" என்றேன்.

ராத்திரி சாப்பாட்டில் சொன்னேன். என் மகன் தோசையைப் பிய்த்தபடியே கேட்டான், நிமிரவில்லை. மகனைப் பார்த்துத் திட்டப்போகிறான் என்று நினைத்தேன். என்னைப் பார்த்துத்தான் பேசினான்.

"நான் காலேஜ்ல கேட்டப்போ எனக்கு வாங்கிக் குடுத்தீங்களாப்பா?"

1999-ல் அவன் கேட்டான். வீட்டுக் கடன் பிடித்தம் போகக் கைக்கு வருவது கொஞ்சம். படிக்கிற பிள்ளைக்கு எதற்கு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். கடன் கணக்கைக் காட்டியிருந்தால் புரிந்துகொண்டிருப்பான். அதைச் செய்யவில்லை. அவன் மணிக்கு 30 ரூபாய் கொடுத்து பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தான், இன்று அந்த வேலையில்தான் இருக்கிறான். இருபத்தைந்து வருடம் கழித்து அந்தக் கேள்வி தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "தரலை" என்றேன். வேறு என்ன சொல்வது.

கை கழுவிவிட்டு வந்து சொன்னான்: "பவர் சப்ளை நான் வாங்கித் தர்றேன். அது சேஃப்டி. கேம் கார்டுக்கு என்கிட்ட காசு கேக்கக் கூடாது."

கார்டுக்கு நான் 20,000 என்று வரம்பு வைத்தேன். பென்ஷன் அரியர் வந்திருந்தது. மனைவி ஒரு பார்வை பார்த்தாள், அந்தப் பார்வையை இங்கே எழுத முடியாது.

அடுத்த பத்து நாள் நானும் பேரனும் நோட்டும் கையுமாக இருந்தோம். கார்டுகளின் பெயர்கள் பஸ் நம்பர் மாதிரி இருக்கின்றன. பெரிய நம்பர் நல்ல பஸ் என்றும் சொல்ல முடியாது. ஜி.டி.எக்ஸ். 1650 எனக்கு முதலில் பிடித்தது. 75 வாட் போதும். போர்டில் செருகும் ஸ்லாட்டே அந்த 75 வாட்டைக் கொடுத்துவிடும், தனி ஒயர் இல்லாத வகையும் உண்டு. பேரன் உதட்டைப் பிதுக்கினான். அதில் 4 ஜி.பி. மெமரிதான், புது விளையாட்டுகள் அதைத் தாண்டிக் கேட்கின்றன என்றான். மேடை சின்னதாக இருந்தால், சமையல்காரர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உள்ளறைக்குப் போய் வர வேண்டுமே, அது மாதிரி படம் விட்டு விட்டு ஓடுமாம். அவன் சொன்னது சரி.

ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. விலையில் ஆசை காட்டியது. இங்கேதான் பேரனுக்கே தெரியாத ஒரு கண்ணி இருந்தது. போர்டுக்கும் கார்டுக்கும் நடுவே தரவு போகும் பாதைக்கு லேன் என்று பெயர். ஸ்லாட்டில் 16 லேன் இருந்தாலும் அந்தக் கார்டு நாலே நாலைத்தான் பயன்படுத்தும். புதிய போர்டில் ஒவ்வொரு லேனும் அகலம், அதனால் சமாளித்துவிடும். எங்களுடையது மூன்றாம் தலைமுறை போர்டு, பாதி அகலம். மெமரியும் 4 ஜி.பி. என்பதால் அந்தக் குறுகிய சந்தில் ஓயாமல் போய் வர வேண்டியிருக்கும். இதைக் கண்டுபிடித்தது நான்தான் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

ஆர்.டி.எக்ஸ். 3050-ல் 6 ஜி.பி. வகை ஒன்று 2024-ல் வந்திருந்தது. 70 வாட், தனி ஒயர் வேண்டாம். பவர் சப்ளையை மாற்ற வழியில்லாத வீடுகளுக்கு அதுதான் நல்லது என்று இன்றும் சொல்வேன். எங்களுக்கு எப்படியும் பவர் சப்ளை மாறப்போகிறது. அதனால் ஆர்.எக்ஸ். 6600-ல் வந்து நின்றோம். 8 ஜி.பி., 132 வாட், லேன் எட்டு. எங்கள் பழைய போர்டில் கொஞ்சம் வேகம் குறையும், பெரிதாக இல்லை.

ஒரு சனிக்கிழமை அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தோம். எண்பதுகளில் டி.வி. பூஸ்டருக்கும் கண்டென்சருக்கும் நான் அலைந்த தெரு. இன்றும் அதே நெரிசல், தலைக்கு மேல் அதே ஒயர் கூட்டம். (பாதி பேரின் சர்வீஸ் ஒயரைப் பார்த்தால் என் கை பரபரக்கிறது.) முதல் கடையில் இருந்த பையன் விலை அதிகமான கார்டு ஒன்றை எடுத்து வைத்தான்.

"இன்னும் எட்டாயிரம் போட்டா இது வந்துடும் சார். இன்னும் ரெண்டு மூணு வருஷம் கவலையே இல்ல."

"தம்பி, எங்க மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். பிராசஸர் ஐ3. இந்தக் கார்டு நூறு படம் போட்டா, மீதி நாப்பதை யார் பாக்கறது?"

அவன் என்னையும் பேரனையும் மாறி மாறிப் பார்த்தான். "சார் என்ன பண்றீங்க?" என்று கேட்டான். ரிட்டயர்டு என்றேன். பிறகு மரியாதையாகப் பேசினான். ஆனால் 6600 அவனிடம் இல்லை. மூன்றாவது கடையில் கிடைத்தது, 19,500. கடை பில், மூன்று வருட வாரண்டி. பவர் சப்ளை 550 வாட், 3,900. பெட்டியைப் பிரிக்கச் சொல்லி நேம் பிளேட்டைப் பார்த்தேன். 12 வோல்ட்டில் 45 ஆம்பியர், அதாவது 540 வாட். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒரே பேச்சு பேசின. கார்டுக்கான எட்டு பின் ஒயர் பெட்டியிலேயே இருந்தது, அடாப்டர் வேலை இல்லை. கூடவே இன்னொரு 8 ஜி.பி. மெமரி, 1,600. ஒற்றை மெமரியை இரட்டையாக்கினால் பிராசஸருக்கு வேகம் கூடும் என்று கடைக்காரர்தான் சொன்னார். அது பேரனின் மிச்சக் காசு.

வீட்டுக்கு வந்து நாங்களே மாட்டினோம். அரை மணி வேலை என்று யூடியூபில் சொல்கிறார்கள். எங்களுக்கு இரண்டரை மணி ஆனது. கார்டு நீளம், கேபினட் உள்ளே ஹார்டு டிஸ்க் கூடு இடித்தது. அதைக் கழற்ற வேண்டியிருந்தது. வாங்கும் முன் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்த நான், ஸ்கேல் வைத்து நீளத்தை அளக்கவில்லை. பேரன் அதைச் சொல்லிக்காட்டவில்லை, சிரித்ததோடு விட்டான்.

முதல் ஒரு மணி நேரம் நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒயர் இணைப்பைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புகூட இல்லை. திரையில் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற கௌபாய் விளையாட்டு. பனியில் குதிரை போகிறது, மூச்சு ஆவியாகத் தெரிகிறது. எனக்கு ஜெய்சங்கர் நடித்த 'கங்கா' ஞாபகம் வந்தது. 1972. கர்ணன் படத்துக் குதிரைகள். ஒன்பது மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேறு விளையாட்டுக்குப் போனான். "டேய், வந்துட்டேன்டா" என்றது கீழே எனக்குக் கேட்டது. மகன் டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தான், பிறகு மறுபடி கூட்டினான்.

மிச்சம் இருந்தது அந்தப் பழைய கார்டு. நல்ல பவர் சப்ளையில் மாட்டிப் பார்த்தோம், ஓடியது. விற்றுவிடலாம் என்று பேரன் விளம்பரம் எழுத உட்கார்ந்தான்.

"2048-னு எழுதணுமா தாத்தா? எனக்கு வித்தவர் எழுதலியே. எழுதினா பாதி விலைகூட வராது."

நான் பதில் சொல்லவில்லை. உண்மையில் எனக்கும் அந்த மூவாயிரத்துச் சொச்சம் மனசில் ஓடியது. பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். முதல் வரியிலேயே போட்டிருந்தான்.

ஒன்பது நாள் யாரும் கேட்கவில்லை. பத்தாம் நாள் பெருங்களத்தூரிலிருந்து ஒரு பையன், அவன் அப்பாவோடு வந்தான். "நல்லா ஓடுமா சார்?" என்று அந்த அப்பா என்னைக் கேட்டார். "உங்க வீட்டு பவர் சப்ளை 12 வோல்ட்ல எத்தனை ஆம்பியர்?" என்று கேட்டேன். இருவரும் முழித்தார்கள். காபி கொடுத்து, எந்தக் கட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். போனவர்கள் வரமாட்டார்கள் என்றாள் என் மனைவி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். 38 ஆம்பியர். 3,000 ரூபாய் கொடுத்து எடுத்துப் போனார்கள்.